வேடு கட்டிய ஜாடியும் கண்ணாடிக் கண்ணனும்

காவிரிப் படுகையின் பழைய வீட்டில் சீனத்தைத் தேடுகிறவர், கூடத்துச் சுவரைப் பார்ப்பதற்கு முன் உக்கிராணத்துக்குள் நுழைவது நல்லது. பரணுக்குக் கீழே அரையிருட்டில், மாவடுவும் நார்த்தங்காயும் ஊறுகிற ஜாடிகள் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி வரிசையாக நிற்கும். மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெண்மையுமாக இருப்பவை நம் நாட்டுச் சூளைகளில் வெந்தவை. அவற்றுக்கு நடுவே தோள் அகன்று, அடி குறுகி, கழுத்தைச் சுற்றிச் சிறு காதுகள் வைத்து, கரும்பழுப்பு மெருகு வழிந்து பாதியில் உறைந்து நிற்கும் ஜாடி ஒன்று இருந்தால் அது வேறு குடும்பம். தென்சீனத்துச் சூளைகளில் இந்த வகையை வீட்டுக்கென்று செய்யவில்லை, கப்பலுக்கென்று செய்தார்கள். தண்ணீரும் எண்ணெயும் ஊறவைத்த பண்டமும் கடலில் கெடாமல் போவதற்கான கலம் அது. பர்மாவின் மர்த்தபான் துறை வழியாக மேற்கே வந்ததால் வணிகர் வாயில் மர்த்தபான் ஜாடி ஆயிற்று. காதுகள் அழகுக்கு வைத்தவையல்ல. மூடியை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கானவை. கடல் கடந்து வந்த பிறகும் அதன் வேலை மாறவில்லை. கயிறு போய் வேட்டுத் துணி வந்தது, அவ்வளவுதான்.

சீன மரபில் வீட்டை அலங்கரிப்பது என்றால் இன்று நினைவுக்கு வருவன சிவப்புக் காகித விளக்கு, சிரிக்கும் புத்தர், கண்ணாடிக் குவளையில் நிற்கும் மூங்கில் தண்டு, வாசலில் கலகலக்கும் உலோகக் குழல்கள். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் பரிசுப் பொருள் கடைகள் எல்லாவற்றிலும் இவை கிடைக்கின்றன. ஆயினும் சீனத்தோடு ஆயிரம் ஆண்டு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த மண் இது. அந்தக் காலத்தில் வந்த சீனப் பொருள் நம் வீட்டின் எந்த நிலைப்படியைத் தாண்டியது, எந்த அறையோடு நின்றது, ஏன் நின்றது என்று பார்த்தால் அலங்காரத்தைப் பற்றியே வேறொரு எண்ணம் கிடைக்கிறது. சீனப் பொருள் இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டதால் தங்கவில்லை. வேலையும் இடமும் கிடைத்ததால் தங்கியது. சீனரின் பழைய இல்ல அலங்கார நூல்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன.

கொடுக்கல் வாங்கலின் கதை நெல்லிலிருந்தே தொடங்கலாம். 1012இல் சீனத்தில் மழை பொய்த்தபோது சொங் பேரரசர் சென்சோங், இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டிலிருந்து வந்திருந்த குறுகிய கால நெல்லின் விதையை யாங்சி ஆற்றுப் படுகை உழவர்களுக்கு அனுப்பினார். அந்தப் படுகை சீனத்தின் நெற்களஞ்சியமாக வளர அது ஒரு காரணம். அடுத்த மூன்றாம் ஆண்டு, 1015இல், காவிரிப் படுகையிலிருந்து சோழத் தூதுக்குழு அவருடைய அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. முத்தும் யானைத் தந்தமும் சாம்பிராணியும் கொண்டுபோனார்கள். 1033இல் இன்னொரு குழு. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1077இல் போன குழுவில் 72 பேர். கொண்டுபோனதற்கு ஈடாக 81,800 கோவை செப்புக்காசோடு திரும்பினார்கள் என்று சொங் ஆவணங்கள் பதிந்து வைத்திருக்கின்றன. நடுவில் சதுர ஓட்டை போட்ட காசுகளைக் கயிற்றில் கோத்தால் ஒரு கோவை. மன்னார்குடிப் பக்கம் தளிக்கோட்டையிலும் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒலயக்குன்னத்திலும் மண்ணுக்கடியில் குவியலாகக் கிடைத்தவை இப்படிப்பட்ட சீனக் காசுகள்தாம்.

காசைப் போலவே பீங்கானும் வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில், சோழர் அரண்மனை இருந்த இடத்தில், தமிழகத் தொல்லியல் துறை தோண்டிய குழிகளிலிருந்து சீனப் பீங்கான் ஓடுகள் வெளிவந்தன. தெற்கே இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில் ஜப்பானிய வரலாற்றாளர் நொபோரு கராஷிமாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலுவும் 1987இல் நடத்திய ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. அவற்றில் கணிசமான பங்கு லொங்ச்சுவான் சூளைகளின் இளம்பச்சைப் பீங்கான், 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. இந்தப் பச்சை, மேலே பூசிய சாயம் அல்ல. மெருகில் சிறிதளவு இரும்பு கலந்து, சூளைக்குள் காற்றைக் குறைத்து 1,200 பாகைக்கு மேல் வேகவைக்கும்போது இரும்பே அந்த நிறத்தைக் கொடுக்கிறது. துண்டைக் கையில் எடுத்து உடைந்த விளிம்பைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் இறுகிய உடம்பு, மேலே கனத்த பச்சைப் படலம், அடிவளையத்தில் மட்டும் மெருகு படாமல் செம்மை ஏறிய கோடு. நம் சிவப்புப் பானை ஓடுகளுக்கு நடுவே அது கிடந்தால் பயிற்சியில்லாத கண்ணுக்கும் தட்டுப்படும்.

துறைமுகமான நாகப்பட்டினத்தில் சீனத்தின் பெயரிலேயே ஒரு கட்டடம் நின்றது. ஸ்ரீவிஜய மன்னன் தொடங்கிய சூடாமணி விகாரத்தோடு சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தச் செங்கல் கோபுரத்தை ஐரோப்பியர் சீனக் கோயில் என்றார்கள். உள்ளூரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். 1267இல் கட்டி முடித்ததாகச் சொல்லும் சீனக் கல்வெட்டு அந்தப் பக்கத்து மண் கோபுரமொன்றில் இருந்ததென்று, 14ஆம் நூற்றாண்டில் கடலோடிய வாங் தாயுவான் எழுதியிருக்கிறார். 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் புதுவெளிக் கோபுரத்தைப் பார்த்தபோது மூன்று நிலை எஞ்சியிருந்தது. 1867இல் இடித்துவிட்டார்கள். மறுகரையில், சீனத்தின் ச்சுவான்சோ துறைமுகத்தில், 1281இல் தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்தக் கோயில் அழிந்த பிறகு அதன் தூண்கள் பக்கத்துப் பௌத்த மடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கோபியர் சேலை கவர்ந்த கண்ணனும் நரசிம்மமும் இன்றும் அங்கே தூணில் நிற்கிறார்கள்.

இவ்வளவு பீங்கான் வந்தும் படுகையின் பெரும்பாலான வீடுகளில் ஒரு சீனத் தட்டுகூட உணவுக்குப் பயன்படாததற்கு விலை மட்டும் காரணமில்லை. மண்ணால் ஆன எந்தக் கலமும் ஒருமுறை எச்சில் பட்டால் தீட்டு; அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது பழைய விதி. வெண்கலத்தையும் பித்தளையையும் புளி போட்டுத் துலக்கிச் சுத்தமாக்கலாம். வாழையிலையைச் சுருட்டி எறியலாம். பீங்கானை என்ன செய்வது? அது மண்ணா, கண்ணாடியா என்பதிலேயே குழப்பம். அதனால் தட்டுக்கு வாசலிலேயே தடை விழுந்தது. ஜாடிக்கு அந்தத் தடை இல்லை. அதில் யாரும் சாப்பிடுவதில்லை. உப்பும் காரமும் அதன் மெருகை அரிப்பதில்லை. செம்பு, பித்தளையைப் போல் புளிப்புப் பட்டுக் களிம்பு ஏறுவதுமில்லை. அதனால் ஆசாரமான வீட்டிலும் ஜாடி உக்கிராணம் வரை போனது. தமிழக எல்லைக்குள் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் சீன ஜாடிகள் இன்று காட்சியில் இருக்கின்றன. அங்கேயும் அவற்றின் வேலை ஊறுகாய் சுமப்பதாகத்தான் இருந்தது.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் நிலைமை நேர்மாறு. ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் உண்ணும் வழக்கமுள்ள வீட்டுக்குப் பெரிய பீங்கான் தட்டு மிகப் பொருத்தமானது. இந்தியப் பெருங்கடலின் கரையோரம் முழுக்க அகலமான சீனத் தட்டுகள் விரும்பப்பட்டதற்கு இந்தக் கூட்டு உணவு முறை காரணம் என்று ஆய்வாளர் சொல்வது இங்கேயும் பொருந்துகிறது. இந்த ஊர்க்காரர்களுக்குச் சீனர் தொலைதூரத்தார் அல்லர், அண்டை வீட்டார். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழும்பிய நாகூர் தர்காவுக்கு மிக அருகிலேயே ஹொக்கியன் சீனரின் தியான் ஹொக் கெங் கோயில் இருக்கிறது. கடல் கடந்து பிழைக்கப்போன சபராளிகள் அந்தத் தெருக்களில் கடை வைத்து, சீனரோடு பேரம் பேசி, நாகையில் வந்திறங்கினார்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதில் வந்த பெட்டிகளில் பூப்போட்ட கோப்பையும் எனாமல் அடுக்கும் இருந்தன. அவை இந்த வீடுகளின் கண்ணாடி அலமாரிக்குப் போயின. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே வந்தன. எனக்கு இந்த அலமாரிகள்மீது மிகுந்த மதிப்பு உண்டு. சீனப் பொருளைக் கையாண்டு, உடைத்து, மிச்சத்தைப் பத்திரப்படுத்தி, அதோடு வாழ்ந்த மரபு நம்மில் அவர்களுடையதுதான்.

தரங்கம்பாடியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1620இல் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையின் அருங்காட்சியகத்தில் பீங்கான் கலங்களும் சீனத் தேயிலை ஜாடிகளும் இருக்கின்றன. சீனத்தின் கண்டன் துறைமுகத்தோடு வணிகம் செய்த கும்பினி ஒன்றுக்கு இங்கே ஒரு காலூன்றும் இடம் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. ஊர் வீடுகளின் உள்ளே அந்த வழியில் வந்தது குறைவு.

கூடத்துச் சுவர்வரை ஏறிய சீன வரவு ஒன்று உண்டு. அதை இன்று யாரும் சீனம் என்று நினைப்பதில்லை: கண்ணாடி ஓவியம். கண்ணாடியின் பின்பக்கத்தில் தீட்டி முன்பக்கத்திலிருந்து பார்க்கும் கலை ஐரோப்பாவிலிருந்து சீனத்துக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் கண்டன் நகரத்து ஓவியர் அதை ஏற்றுமதித் தொழிலாகவே ஆக்கினார்கள். அங்கிருந்து வணிகக் கப்பல்களில் இந்தியாவின் மேற்குக் கரைக்கும், பிறகு மைசூர், தஞ்சாவூர் அரசவைகளுக்கும் வந்தது. மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக இரண்டாம் சரபோஜியின் காலத்திலும் (1798–1832) அதற்குப் பின்னும், தஞ்சை ஓவியர் அதைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றித் தனி நூல் எழுதிய ஜயா அப்பாசாமி, சீனாவுக்குப் போய் ஓவியம் பயின்றவர். தஞ்சை ஓவியத்தையும் ஆராய்ந்தவர். இரண்டு கரைகளையும் அறிந்த ஒருவர் இதை எழுதினார் என்பது நமக்குப் பெரிய பேறு.

வேலை நடக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பலகைப் படத்தில் பலாப்பலகைமேல் துணி ஒட்டி, மாவுக்கல் பூசித் தேய்த்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டி, எல்லாம் முடிந்த பிறகு கண்ணைத் திறப்பார்கள். கண்ணாடியில் இந்த வரிசை தலைகீழ். முன்னால் தெரிய வேண்டியதை முதலில் போட வேண்டும். கருவிழிப் புள்ளி, புருவக் கோடு, நெற்றித் திலகம், மூக்குத்தி, கழுத்து மாலையின் ஒவ்வொரு முத்து ஆகியவை வெறும் கண்ணாடிமேல் அந்தரத்தில் மிதக்கும். கண்ணின் வெள்ளை அதற்குப் பின்னால். கன்னத்தின் நிழல் அதற்கும் பின்னால். அப்புறம்தான் முகத்தின் நிறம், ஆடை, கடைசியில் திரையும் வானமும். நகையின் இடத்தில் பின்னாலிருந்து மினுங்கும் தகடு வைப்பார்கள். தவறினால் திருத்த வழியில்லை, அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். படத்தைத் திருப்பும்போது இடம் வலமாகும் என்பதால் கண்ணன் வெண்ணெய் எடுக்கும் கையையும் பிள்ளையாரின் துதிக்கை வளைவையும் மாற்றிப் போட வேண்டும். மாற்ற மறந்த படங்களும் உண்டு. இடக்கையால் அருள்கிற தெய்வங்களை அப்படிச் சில பழைய சட்டங்களில் பார்க்கலாம்.

கண் திறப்பதைக் கடைசிச் சடங்காக வைத்திருந்த ஓவிய மரபு, கண்ணிலிருந்தே தொடங்கும் ஒரு முறையை ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயம் அல்ல. ஏற்றதற்குக் காரணங்கள் தெளிவானவை. கண்ணாடிப் படத்துக்குச் செலவு குறைவு. விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் முன்பக்கத்தைத் துடைத்துவிடலாம். முற்றத்து வெளிச்சம் பட்டதும் மின்னும். கூடத்தில் நிலைக்கு மேலே, முன்பக்கம் சற்றுச் சாய்த்து, கீழே உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி மாட்டினார்கள். கண்டன் ஓவியர் தீட்டிய பெண்ணின் இடத்தில் வெண்ணெய்க் குடத்தோடு கண்ணனும் பட்டாபிஷேக ராமரும் வந்து அமர்ந்தார்கள். சில படங்களில் சுருக்கிக் கட்டிய திரையும் மேசைமேல் பூச்சாடியும் மட்டும் பழைய வழியை நினைவூட்டி நிற்கின்றன.

பொருளை விட்டு வீட்டுக்கு வருவோம். யாங்சிப் படுகையின் தென்பகுதியும் நம் படுகையைப் போலவே வாய்க்காலும் வயலும் மழையுமான நாடு. அங்குள்ள மரபு வீட்டின் நடுவே வானம் பார்த்த சிறு முற்றம். நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழையை வீட்டுக்குள்ளேயே இறக்கும். அது செல்வம் வெளியே ஓடாததன் அடையாளம் என்பது அவர்கள் நம்பிக்கை. திருவையாற்றிலோ மன்னார்குடியிலோ நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் ஐப்பசி மழையின்போது தாழ்வாரத்தில் நின்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலு பக்கமும் தண்ணீர் கொட்ட, முற்றத்து மூலையில் அண்டாவும் தவலையும் வைத்துப் பிடிப்பதும், மிச்சம் ஜலதாரை வழியாக ஓடுவதும் இங்கேயும் அப்படியே. மரத்தில் ஆணி அறையாமல் கழுந்தும் துளையுமாகக் கோப்பது இரண்டு ஊர்த் தச்சருக்கும் பொது. குடுமியில் சுழலும் கதவும் பொது. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றதாகச் சொல்லத் தேவையில்லை. மழையும் நெல்லும் ஒரே மாதிரிக் கேள்வியைக் கேட்டால் பதிலும் ஒத்துப்போகும்.

வேறுபடும் இடம் வாசல். நம் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்தவர் பார்வை ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு என்று நிலைக்கு நேர் நிலையாகக் கடந்து கொல்லைக் கிணறு வரை ஓடும். காற்றும் அதே வழியில் ஓடும். சீன வீடு இதை விரும்பாது. பெய்ஜிங்கின் நாற்புற வீட்டில் வாசல் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கி இருக்கும்; உள்ளே நுழைந்ததும் ஒரு மறைப்புச் சுவர் எதிரே நிற்கும். கெட்ட ஆவிகள் நேர்க்கோட்டில் செல்லும் என்ற நம்பிக்கையும், வீட்டுப் பெண்கள் தெருவின் கண்ணில் படக்கூடாது என்ற கட்டுப்பாடும், வடக்கின் குளிர்காற்றும் அதற்குக் காரணம். இன்று சீன மரபு என்று சொல்லி மடக்குத் திரை ஒன்றை வாங்கி ரேழியின் குறுக்கே நிறுத்துகிறவர்கள், சித்திரை வெயிலில் வீட்டின் மூச்சையே அடைக்கிறார்கள். திரை வேண்டுமென்றால் பக்க அறைக்குள் வைக்கலாம்.

சீனர் தங்கள் வீட்டை எப்படி அலங்கரிக்க விரும்பினார்கள் என்பதற்கு நல்ல சாட்சி வென் சென்ஹெங். யாங்சிப் படுகையின் சூசோ நகரத்தவர், 1585இல் பிறந்து 1645இல் மறைந்தவர், புகழ்பெற்ற ஓவியர் வென் செங்மிங்கின் கொள்ளுப்பேரன். அவர் எழுதிய இல்லப் பொருள் நூல் 12 பகுதி கொண்டது: கதவு, படிக்கட்டு, மரம், மீன், மேசை, நாற்காலி, சுருளோவியம், தேநீர் எல்லாம் உண்டு. அவருடைய கண்டிப்பு வியக்கவைக்கும். படிப்பறையில் ஒரே ஒரு சுருளோவியம்தான் மாட்ட வேண்டும். இரண்டு பக்கமும் எதிரெதிராக மாட்டுவது மிகக் கீழான ரசனை என்கிறார். எந்த மாதத்தில் எந்தப் படம் என்று நாட்காட்டியே வகுக்கிறார். படம் சுவரிலேயே கிடப்பதில்லை. பருவம் முடிந்ததும் சுருட்டிப் பெட்டிக்குள் போகும். நிரந்தரமாக நிரப்பி வைத்த அலமாரி அவருக்கு ஒவ்வாது. மார்கழிக் கோலம், நவராத்திரிக் கொலு, பொங்கலுக்கு வெள்ளையடித்துக் காவி பூசுவது என்று மாதத்துக்கு மாதம் முகம் மாறும் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த மனிதரின் பேச்சு எளிதில் புரியும்.

சீன அலங்கார மரபு வேறு திசையிலும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1409ஆம் ஆண்டிட்டு, சீனக் கப்பல் தலைவர் செங் ஹேயின் பயணத்தில் இலங்கையில் நட்ட மும்மொழிக் கல்வெட்டில் காணிக்கைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, பித்தளைப் பூச்சாடி, தூபக்கலயம், அரக்குப் பூசிய மரப் பீடம், விளக்குத் தண்டு, பொன் பூசிய தாமரைப் பூ என்று நீள்கிறது. கல்லின் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையின் தேனாவரை நாயனாருக்கும் உரியது. அரசவைச் செழிப்பும் சீனம்தான், சூசோ அறிஞரின் அடக்கமும் சீனம்தான். படுகையின் ஓட்டு வீட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டால் என் பதில் இரண்டாவதே.

அப்படியானால் தஞ்சையிலோ கும்பகோணத்திலோ ஒருவர் இன்று சீன மரபில் தன் கூடத்தை அமைக்க விரும்பினால்? கூடத்தின் நடுச்சுவரில் ஒரே படம். அதன் கீழ் நீளமான ஒடுங்கிய மேசை. இரு பக்கமும் சமமாக இரண்டு நாற்காலி. சீன நடுக்கூடத்தின் எலும்பு இவ்வளவுதான். ஊஞ்சல் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம், மேசையை ஊஞ்சலின் ஓட்டத்துக்கு வெளியே தள்ளினால் போதும். காகிதச் சுருள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்த இரு மாதமும் பெட்டியில் வேப்பிலையோடு சுருட்டி வைப்பதே சரி, வென் சென்ஹெங்கின் விதிக்கும் அது ஒத்துவரும். மண் சுவரிலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் உப்புப் பூப்பதால் கண்ணாடி ஓவியத்தை வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. உள்சுவரில், பின்னால் இரண்டு மரத்துண்டு வைத்து விரற்கடை இடைவெளி விட வேண்டும். ஈரம் ஏறினால் வண்ணம் கண்ணாடியை விட்டுச் செதில் செதிலாக விலகும். பின்பக்கத்தை ஒருபோதும் துடைக்கக் கூடாது, விட்டுப்போன இடத்தைப் புது வண்ணத்தால் நிரப்பவும் கூடாது. ஜாடியை விளக்குத்தண்டாக மாற்ற அடியில் துளை போடும் வழக்கம் இப்போது பரவுகிறது. துளை போட்ட ஜாடியில் அதன்பின் எதையும் ஊறவைக்க முடியாது. உப்பு நார்த்தங்காய் நிரப்பி வேடு கட்டி, கூடத்து மூலையிலேயே வைத்தால் அதைவிட மரபான சீன அலங்காரம் இந்த மண்ணில் இல்லை.

படுகையின் பழைய வீடுகள் பாகப்பிரிவினையிலும் பராமரிப்புச் செலவிலும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. தூணும் கதவும் முதலில் போகின்றன. ஜாடியும் கண்ணாடிப் படமும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும். விற்பது அவரவர் தேவை. அதில் குறை காண எனக்கு உரிமையில்லை. ஆனால் பெரியபட்டினத்தின் பச்சை ஓடுகள் இன்று பேசுகின்றன என்றால், எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எடுத்ததால்தான். வீட்டிலிருந்து புறப்படும் பொருளுக்கும் அதே குறிப்பு தேவை. விற்பதற்கு முன் சுவரில் மாட்டிய நிலையிலேயே ஒரு புகைப்படம் எடுக்கலாம். சட்டத்தின் பின்பலகையில் ஊர், தெரு, மாட்டியிருந்த சுவர், யார் கல்யாணத்துக்கு வந்தது, யார் மலாயாவிலிருந்து கொண்டுவந்தது என்று பென்சிலால் நாலு வரி எழுதலாம். ஜாடிக்கு, மூடித் துணியில் ஒரு சீட்டுக் கட்டினால் போதும். பாட்டிமார் உயிரோடு இருக்கும் வீடுகளில் இதை இந்த ஆண்டே செய்துவிட வேண்டும்.